ஒருமுறை மட்டும், எப்போதும்

மார்ச் 3, திங்கள்

இன்றும் ஆபீசுக்கு அரை நாள் லீவு. அம்மாவின் ஸ்கேன் முடிவு அவள் போனுக்கு லிங்க்காக வந்துவிட்டது. ஈரலில் இருக்கும் கட்டி என்ன நிலையில் இருக்கிறது என்று அதைப் பார்த்தால்தான் தெரியும். லிங்க்கைத் தொட்டேன். பிரவுசர் கையை விரித்துவிட்டது. படமும் ரிப்போர்ட்டும் சேர்ந்த ஃபைலாம், தன்னால் காட்ட முடியாதாம், வேறு எதில் திறக்க என்று என்னிடமே கேட்கிறது. எனக்கென்ன தெரியும்? இருந்ததில் ஒன்றை அமுக்கினேன். திரை முழுக்கப் புரியாத எழுத்தாகக் கொட்டியது.

அம்மா எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "நித்யாவுக்கு அனுப்பிருட்டி. அவ பாத்துச் சொல்லிருவா" என்றாள்.

நித்யா, தம்பி நடராஜின் பெண்டாட்டி. பெங்களூரில் ஸ்கேன் மிஷின் கம்பெனியில் வேலை. அவள் கம்ப்யூட்டரில் எல்லாம் திறக்கும். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது – அம்மாவுக்கு. எனக்கு இல்லை. கட்டி சின்னதுதானாம், மாத்திரையில் கேட்குமாம். நல்ல செய்திதான். ஆனாலும் எனக்கு வயிறு எரிந்தது.

மார்ச் 4

வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பவள் நான். 'அத்தை, சாப்பிட்டாச்சா' என்று போனில் கேட்பவள் அம்மாவுக்குத் தங்கமான பிள்ளை.

மார்ச் 16, ஞாயிறு

நித்யா வந்துவிட்டுப் போனாள். அம்மா தானே உட்கார்ந்து தேங்காய்ப் பால் பிழிந்து சொதி வைத்தாள். நான் கேட்டு எத்தனை நாளாயிற்று? அப்போதெல்லாம் அவளுக்குக் கை வலிக்கும்.

அம்மாவின் போனில் ஏதோ ஒரு செயலியைப் போட்டுக்கொடுத்தாள். "இனி லிங்க் வந்தா இத அமுக்குங்க அத்தை, நேரா என் கம்ப்யூட்டருக்கு வந்துரும்." சரிதான், நடுவில் நான் ஒருத்தி எதற்கு?

எனக்கு ஒரு சேலை கொண்டுவந்திருந்தாள். நல்ல நிறம். அதுவும் எரிச்சலாக இருந்தது.

மார்ச் 17

கண்டுபிடித்துவிட்டேன்! அம்மா குளிக்கப் போனபோது போனை நோண்டினேன். இந்த மாதிரி ஃபைல் வந்தால் எதில் திறக்க என்று போன் கேட்கும், கீழே இரண்டு பொத்தான் காட்டும்: 'ஒருமுறை மட்டும்', 'எப்போதும்'. நித்யா 'எப்போதும்' அமுக்கிவிட்டுப் போயிருக்கிறாள். அதனால்தான் கேட்காமலே அவளிடம் போகிறது.

அதை எடுத்துவிட்டேன். அந்த ஃபைலை இங்கேயே திறக்கிற செயலி ஒன்றையும் தேடி ஏற்றிவிட்டேன். இனி போன் அம்மாவிடம் கேட்கும். பக்கத்தில் நான் இருப்பேன்.

செய்தது சரியா? சரிதான். தப்பென்றாலும் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஏப்ரல் 21, திங்கள்

மறுபடி ஸ்கேன், மறுபடி லிங்க். போன் கேட்டது. இரண்டு செயலியும் வரிசையாக நின்றன. "அம்மா, இது நான் போட்டது. இங்கனயே பாத்துரலாம்" என்று விரலை வைத்துக் காட்டினேன்.

அம்மா கண்ணாடியை எடுத்து மாட்டினாள். இரண்டையும் நன்றாகப் பார்த்தாள். நித்யா போட்டதைத் தொட்டாள்.

எனக்கு வந்ததே கோபம். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக நானு, கால் அமுக்க நானு, பாக்குதது மட்டும் அவளா? நான் என்ன செத்தா போயிட்டேன்?" வாய் நிற்கவில்லை. என்னென்னவோ சொன்னேன்.

அம்மா கண்ணாடியைக் கழற்றி மடித்தாள். பிறகுதான் சொன்னாள்: "நீ பாத்தா உன் மூஞ்சி எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிரும்ட்டி. பொய் சொல்லத் தெரியாத மூஞ்சி அது. அவ தூரத்துல இருக்கா. அவ சொல்லுதத மட்டும் கேட்டுக்கிட்டுப் போயிரலாம்லா."

கட்டி அப்படியேதான் இருக்கிறதாம்.

ஏப்ரல் 22

கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன். அப்படியா இருக்கிறது இந்த மூஞ்சி? பொறாமை போகவில்லை. ஆனால் யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

ஜூன் 9, திங்கள்

லிங்க் வந்தது. அம்மா போனை என்னிடம் நீட்டி, "நீயே அமுக்கு" என்றாள். எதில் திறக்க என்று கேட்டது. நித்யாவுடையதைத் தொட்டு, 'எப்போதும்' அமுக்கினேன்.

போன் எனக்கு வந்தது. "மதினி, அத்தை பக்கத்துல இருக்காங்களா?" நான் கொல்லைப்புறம் போனேன். நித்யா அழுதாள். "பெருசாயிருக்கு மதினி. ரெண்டு மூணு இடத்துல இருக்கு. ஒவ்வொரு தடவையும் இதத் திறக்கதுக்கு முன்ன சாமியக் கும்பிட்டுக்கிடுவேன். உங்களுக்காவது பிடிச்சுக்கிட அத்தை கை இருக்கு. எனக்கு இந்தப் படம்தான இருக்கு."

இவளைப் பார்த்தா இத்தனை நாள் பொறாமைப்பட்டேன்?

"நீ அழாத. அம்மாட்ட நான் சொல்லுதேன்" என்றேன்.

மூஞ்சியைக் கழுவித் துடைத்துவிட்டு உள்ளே போனேன். அம்மா அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே, "பைய சொல்லு" என்றாள்.

பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பையச் சொன்னேன்.