சஜீவனோட வலது கை

ஸ்பிரிங்வெளி
ஞாயித்துக்கிழமை

அன்பு மகள் டிலானிக்கு அம்மா எழுதுறது. தேவமாதா துணையில நீ குவைத்துல சுகமா இருக்கணும். இங்கயும் எல்லாரும் சுகம்னு எழுதத்தான் பாத்தேன், முடியல. போன்ல பேசினா ரெண்டு பேரும் அழுவுறதோட சரி, அதான் எழுதி ரிஸ்காவோட கடையில குடுத்து போன்ல படம் எடுத்து அனுப்பச் சொல்றேன்.

உன் புருசன் சஜீவனுக்குக் கரண்ட் அடிச்சது எப்படின்னு கேட்டியே, எல்லாம் அந்த அந்தோனிமுத்து செஞ்ச வேலை. உன் கல்யாணத்துல கறியில உப்பில்லன்னு எலைய மூடிட்டுப் போனானே, அவனேதான். காட்டுப்பன்றிக்குன்னு வீட்டுக் கரண்ட இழுத்து பீன்ஸ் தோட்டத்தச் சுத்தி வெறுங்கம்பியில விட்டிருக்கான், விடிஞ்சும் கழட்டல. சஜீவன் மாட்டுக்குப் புல்லறுக்கப் போய் ஈரக் கையால தொட்டுட்டான். கை கம்பிய விட்டு வரல, காஞ்ச கட்டையால அடிச்சுத்தான் விலக்கினாங்க. ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கடான்னு நான் கத்துறேன், லயத்து வீடுகள்ல இருக்கிற ஆம்பளைங்க மண்ணு கரண்ட இழுத்துரும்னு குழி வெட்டி கழுத்து வரைக்கும் பொதைச்சாங்க. கெழவி சும்மா இருன்னு சொன்னவன் மூஞ்சிய சாகுற வரைக்கும் மறக்கமாட்டேன். வெளிய எடுத்துப் பாத்தா உள்ளங்கையில ஒரு கருப்புப் புள்ளி, குதிங்கால்ல ஒண்ணு, அவ்வளவுதான். எனக்கு ஒண்ணுமில்ல மாமி, நான் பன்றி இல்லன்னு கரண்டுக்கே தெரிஞ்சிருக்குன்னு சிரிச்சிகிட்டே தேத்தண்ணி குடிச்சான். நாங்களும் நம்பிட்டோம்.

மறுநாள் மூத்திரம் சாயத்தண்ணி மாதிரி கருத்துப் போச்சு, கை வீங்கிருச்சு. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். டொக்டரம்மா நல்ல மாதிரி, எனக்கு வெளங்குற மாதிரி சொன்னாங்க. வெளிய புள்ளிதான், ஆனா கரண்ட் கை வழியா பூந்து கால் வழியா போனதுல உள்ள சதையெல்லாம் வெந்துருச்சாம், அந்த வெந்த சதை கரைஞ்சு ரத்தத்துல கலந்துதான் கிட்னிய அடைக்குதாம். விடாம சேலைன் ஏத்தி, நெஞ்சுத் துடிப்பு பாக்குற மிசின் மாட்டி, உள்ளுக்குள்ள இறுக்கம் விடட்டும்னு கைய நீளமா கீறி விட்டாங்க. கிட்னி தப்பிச்சிருச்சு. கைதான் செத்துப்போச்சு, ஊசி குத்தினாலும் தெரியல. முழங்கைக்கு மேல வெட்டி எடுக்கலன்னா வெசம் ஒடம்பெல்லாம் ஏறி ஆளே போயிருவான்ங்கிறாங்க.

அவன் சம்மதிக்க மாட்டேங்கிறான். தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தி புடிக்க கை இல்லாம லயத்துல குந்திகிட்டு பொண்டாட்டி ஒழைப்புல திங்கணுமான்னு செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டான். கெஞ்சியாச்சு, ஏசியாச்சு. உன் புள்ள ஜெசிந்தினி, அப்பா எப்ப வருவாருன்னு கேக்கயில மாட்டுக்குத் தண்ணி காட்டணும்னு வெளிய போயிடுறேன். நம்பிக்கை அத்துப்போச்சு மகள்.

மாதா உன்னைக் காப்பாத்தட்டும். ஈரக் கையோட நீ வேலை செய்ற வீட்டு அயன்பெட்டியத் தொடாத. நாளைக்குக் காலையில வார்டுல இருந்து உனக்கு கோல் எடுப்பேன், போனை அவன் காதுல வைப்பேன். கைய எடுக்கட்டும்னு நீ சொல்லு. அழாம சொல்லு. நீ அழுதா அதையே சாக்கா வச்சு செத்துருவான்.

இப்படிக்கு
உன் அம்மா நேசராணி