இரண்டு திரையிலும் அப்பா

அன்புள்ள அக்காவுக்கு, உன் கணினி நிரலில் கை வைக்கமாட்டேன் என்று சத்தியம் செய்த தங்கை, வைத்துவிட்டு எழுதுவது.

இங்கே அனைவரும் நலம். என் இடது காது மட்டும் சற்றுச் சிவந்திருக்கிறது. காரணம் கீழே வருகிறது.

நம் மூக்குக்கண்ணாடிக் கடையில் நீ செய்துவைத்துப் போன ஏற்பாடு அப்படியே இருக்கிறது. உள்ளே அப்பா கண் அளவைத் தட்டும் பச்சைத் திரை, வெளியே காத்திருப்பவர்களுக்கு வரிசை எண் காட்டும் வண்ணத் திரை. கணினி ஒன்றுதான், ஆனால் அதன் நினைவகத்தில் திரைக்கொரு முகவரி. எந்த முகவரியில் எழுத்தைப் போடுகிறோமோ அந்தத் திரையில் தெரியும். கிட்டத்தட்டத் தபால்காரர் உத்தியோகம்.

'நான்காம் எண், மூக்கிலிருந்து விரலை எடுக்கவும்' என்று வெளியே காட்டினால் எப்படியிருக்கும் என்று எனக்கு ஓர் ஆசை. சோதித்துப் பார்க்க, தட்டுகிற ஒவ்வொரு எழுத்தும் இரண்டு முகவரிக்கும் போகும்படி மாற்றினேன். அதற்குள் அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். அப்படியே விட்டுவிட்டு எழுந்துபோய்விட்டேன்.

திரும்பி வந்தால் அப்பா உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தார். கண் அளவு இல்லை, அக்கா. உனக்குக் கடிதம். வெளியூர் வேலைக்குப் போகிறேன் என்று நீ சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பதினொரு மாதமாக உன் பேச்சையே எடுக்காத அதே அப்பாதான். தமிழை ஆங்கில எழுத்தில், ஒற்றை விரலால்.

வெளியே ஆறு பேர். நம் கடைக்கு வருகிறவர்களில் யாருக்குத் தூரத்து எழுத்து தெரியும்? அப்போதுதான் புதுக் கண்ணாடி மாட்டியிருந்த தையற்காரம்மாவுக்கு மட்டும் தெரிந்தது. என்ன போட்டிருக்கிறது என்று மற்றவர்கள் நச்சரிக்க, எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தார்: "மூத்தவளே... கோபமெல்லாம்... எப்பவோ போயிடுச்சு. பேச்சை எப்படி ஆரம்பிக்கிறதுன்னுதான்... தெரியலை."

தடுப்புக்குப் பின்னால் தட்டும் சத்தம் நின்றது. அப்பா வெளியே வந்தார். திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் காது அவர் கைக்குப் போனது.

"காதை அப்புறம் திருகுங்க சார். பாதியிலே விட்டுட்டீங்களே, மீதியை யாரு தட்டுறது?" என்றார் தையற்காரம்மா. அதுவரை தன் எண் வரவில்லையென்று புலம்பிக்கொண்டிருந்த லாரி ஓட்டுநர்கூடத் தனக்கொன்றும் அவசரமில்லை என்றார்.

அப்பா மறுபடி போய் உட்கார்ந்தார். நிரலைப் பழையபடி மாற்றட்டுமா என்று பயந்து பயந்து கேட்டேன்.

"இருக்கட்டும். தப்பு வந்தா அவங்க சொல்லுவாங்க."

சொன்னார்களே! அரை மணி நேரம் ஆறு பேரும் சேர்ந்து உனக்குக் கடிதம் எழுதினார்கள். உடம்பை விசாரிக்கச் சொன்னார் ஒருவர். அதெல்லாம் பிறகு, எப்போது வருவாள் என்று முதலில் கேளுங்கள் என்றார் ஓட்டுநர்.

அச்செடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். கடைசி வரி மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்காமல் அப்பாவாகத் தட்டியது. அதைத் தையற்காரம்மாவே சத்தமாகப் படிக்கவில்லை. நானும் இங்கே எழுதமாட்டேன், நீயே படித்துக்கொள்.

படித்ததும் ஞாயிறு காலை கடைக்குத் தொலைபேசி செய். அன்று கடை விடுமுறைதான். ஆனாலும் அப்பாவுக்கு அங்கே கண்ணாடி துடைக்கிற வேலை இருக்கிறதாம், தொலைபேசிக்குப் பக்கத்திலேயே. மணி அடித்தால் நான் எடுக்கப்போவதில்லை.

உன் குறும்புக்காரத் தங்கை