லாரி நிறுத்தத்தில் ஒரு பாட்டு

அனோமாபு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள எஃபுவாவின் அப்பாவுக்கு,

மான்சா எழுதிக்கொள்வது. வீடெல்லாம் அடங்கிய பிறகு, இந்த அகாலத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். பகலில் நான் பேனாவைத் தொட்டால் போதும், குழந்தைக்கு மூக்கில் வியர்த்துவிடும். இப்போதுதான் தூங்கினாள். மண்ணெண்ணெய் கிடைப்பது கஷ்டமாக இருப்பதால் திரியை இறக்கி வைத்திருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் விளக்குதான் காரணம், நான் அழவில்லை.

குழந்தை நன்றாக இருக்கிறாள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றதை நீங்கள் நிம்மதியாகப் படிக்கமாட்டீர்கள். பிறந்தபோது இலை உரித்த கென்கி மாவுருண்டை அளவுதான் இருந்தாள். இப்போது தொடையில் ஒரு மடிப்பு விழுந்திருக்கிறது. அந்த மடிப்பை நான் நாள் முழுக்கத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். விக்கல் வந்தால் பயம், விக்கல் நின்றால் அதைவிடப் பயம். மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரலை வைத்தபடியே இருப்பேன். அத்தை சொல்கிறார், "விரலை எடுடி டீச்சரம்மா, அது விடுற மூச்செல்லாம் உன் கையிலதான் முட்டி நிக்குது."

அத்தை என்று எழுதிவிட்டேன். நீங்கள் உங்கள் கடிதங்களில் 'அந்தம்மா' என்று எழுதுகிறீர்கள். எனக்கு அப்படி எழுதக் கை வரவில்லை. பெறாமல் வளர்த்த அவரைச் சின்ன வயதில் நீங்களே 'எனா' என்றுதான் கூப்பிடுவீர்களாம், அம்மா என்று. ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள்.

என்னை இந்த ஊர்ப் பள்ளிக்கு மாற்றியபோது நீங்கள் சொன்னதை நான் மீறவில்லை. அந்த வீட்டுப் பக்கம் போகாதே என்றீர்கள், தபாலாபீஸ் பின்னால் ஒரு அறை பிடித்துக்கொண்டு இருந்தேன். நான் போகவில்லை, அவர்தான் வந்தார். மூடிய சட்டியில் செம்பனைப் பழக் குழம்பும் புகைபோட்ட மீனும் கொண்டுவந்து, வாசலில் நின்றபடியே, "எபோ பொண்டாட்டி நீதானே? என்னை வேணாம்னு சொல்லத்தான் போற, தெரியும். முதல்ல சாப்பிடு. வெறும் வயித்தோட சண்டை போட்டா சத்தம் வராது" என்றார். நான் சாப்பிட்டேன். சொல்ல நினைத்ததைச் சொல்லவில்லை. ஹாம்பர்க் பனியில் நின்று கப்பல் தகட்டைப் பற்றவைக்கும் உங்களை ஏமாற்றுகிறோமே என்று அன்று தூக்கம் வரவில்லை. ஆனாலும் மறுநாள் சட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். திரும்பும்போது கையில் வேறு சட்டி. அப்படியே மாதங்கள் போயின.

நீங்கள் பத்து வயதில் விட்டுப்போன ஊர், ஆகையால் சொல்கிறேன். அனோமாபுவில் எதையும் விற்காத பெண் யார் என்றால் குழந்தைகூட அத்தை பெயரைச் சொல்லும். அபா குவான்சிமா, நம் ஃபான்டே இனத்தில் கடை போடாத ஒரே பொம்பளை. உங்கள் அப்பா காலமானதும் வீடு தாய்வழி வழக்கப்படி அவருடைய அக்கா மகன்களுக்குப் போய்விட்டது. பின்கட்டு அறையையும் அடுப்படியையும் அவர்கள் அத்தைக்கு விட்டிருக்கிறார்கள். அந்த அடுப்பு அணைந்து நான் பார்த்ததில்லை. புகைபோடுகிற மீனில் பாதி யார் வீட்டிலோ பிள்ளை பெற்றவளுக்குப் போகும், மீதி சந்தையில் தனக்குத்தானே பேசித் திரிகிற ஒரு மனிதருக்குப் போகும். மீன்காரிகள் விடுவார்களா? "மாமி, உன் அடுப்பு இப்படிப் புகையுது, பணப்பையில ஒரு புகையும் காணோமே" என்பார்கள். "நான் விக்க உட்கார்ந்தா நீங்கல்லாம் பட்டினிடி, பாவம்னு விட்டு வச்சிருக்கேன்" என்பார்.

தேவாலயத்து நற்கருணைத் துணிகளைத் துவைத்துக் கஞ்சி போடுவது அவர்தான். ஊரில் ஒரு பெண் இறந்தால் குளிப்பாட்ட முதலில் கூப்பிடுவதும் அவரைத்தான். எண்பதைத் தாண்டியும் வியாழக்கிழமை ஜெபக் கூட்டத்துக்கு வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார். எழுத்து ஒன்றும் தெரியாது. ஆனால் பிரசங்கத்தின் நடுவில் போதகர் ஏதாவது மனதைத் தொடும்படி சொல்லிவிட்டால் அங்கேயே பாட்டெடுப்பார், வார்த்தைகளைத் தானே கட்டி. சபை முழுக்கப் பின்னால் சேர்ந்து பாடும், போதகர் நின்று காத்திருப்பார். புதிதாக வந்த இளம் போதகர் ஒருவர் முகத்தைச் சுளித்தாராம். அத்தை வெளியே வந்ததும், "போதகரய்யா, நீங்க மூச்சு வாங்கிக்கங்கன்னுதான் பாடினோம், கோவிச்சுக்காதீங்க" என்றாராம். இப்போது அவரே பேச்சை நிறுத்திவிட்டு அத்தை இருக்கும் பக்கம் பார்க்கிறார்.

பாட்டைப் பற்றித்தான் நான் எழுத வேண்டியது. இத்தனை நாள் எழுதத் தைரியமில்லாமல் பால் டின் விலையையும் கூரை ஒழுகுவதையும் எழுதிக்கொண்டிருந்தேன்.

நம் கல்யாணத்துக்கு முந்தின வாரம் செக்கொண்டிக் கடற்கரையில் நீங்கள் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "அப்பா செத்த சூடு ஆறல, என்னை லாரியில ஏத்திவிட்டா. ஏத்திட்டு நின்னு பாடினா, மான்சா. கைக்குழந்தையிலேர்ந்து வளர்த்தவ, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. சனியன் ஒழிஞ்சதுன்னு பாடினா." அன்று உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நானும் அவர்மேல் கோபப்பட்டேன்.

குழந்தை மாதம் முந்திப் பிறந்ததை எழுதினேன். அதன் பிறகு ஆஸ்பத்திரியில் நடந்ததை எழுதவில்லை. கதகதப்புப் பெட்டி ஒன்றுதான் இருந்தது, அதில் வேறு இரட்டைக் குழந்தைகள் இருந்தன. உடம்போடு அணைத்தே வைத்திருங்கள் என்று நர்ஸ் சொன்னார். எனக்குத் தையலும் காய்ச்சலும். என்னால் முடியாத நேரமெல்லாம் அத்தை தன் மார்பில் குழந்தையைக் கிடத்தித் துணியால் சுற்றிக் கட்டிக்கொண்டு பெஞ்சில் சாய்ந்திருந்தார். படுக்கவே மாட்டார், படுத்தால் குழந்தை புரண்டுவிடுமாம். ஒருநாள் மத்தியானம் குழந்தை நீலம் பாரித்துவிட்டது. மூச்சு இல்லை. நர்ஸ் பிடுங்கி மேசையில் கிடத்தி நெஞ்சை அழுத்துகிறார். நான் கட்டிலிலிருந்து எழ முடியாமல் கிடக்கிறேன். அப்போது அத்தை வார்டு நடுவில் எழுந்து நின்று பாட ஆரம்பித்தார்.

எனக்கு உங்கள் ஞாபகம்தான் வந்தது. "நிறுத்துங்க! என் பிள்ளை போகுது, நீங்க பாடுறீங்களா?" என்று கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது. அவர் நிறுத்தவில்லை. நான் கத்தியது காதில் விழுந்தமாதிரியே இல்லை. பிறகுதான் அவர் கைகளைப் பார்த்தேன். குழந்தையைச் சுற்றியிருந்த அந்தக் காலித் துணியை இரண்டு கைகளாலும் முறுக்கிப் பிடித்திருந்தார். குரல் மட்டும் நேராக நின்றது.

குழந்தை அழுதாள். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவருடைய சிநேகிதி அட்வோவா மாமி அன்று சாப்பாடு கொண்டுவந்திருந்தார். தண்ணீர் கொடுத்து அத்தையைத் தூங்க வைத்துவிட்டு என்னிடம் வந்தார். எனக்கு நல்ல திட்டு. "படிச்சவளே, அவளுக்கு அழ வராதுடி. தொண்டை அடைச்சா பாட்டாத்தான் வரும். புருஷன் பொணத்துக்கிட்டயும் பாடினா. பெத்ததுல ஒண்ணும் தங்கல, ஒவ்வொண்ணையும் புதைச்சப்பவும் பாடினா. அந்தப் பையனை அவன் தாய்மாமன் வந்து கூட்டிட்டுப் போனானே, அன்னிக்கும் பாடினா. லாரி திரும்பி மறைஞ்சதும் ரோட்டுலயே விழுந்துட்டா. நாங்கதான் ஆளுக்கொரு பக்கமா தூக்கிட்டு வந்தோம். வழிக்குன்னு கட்டிக் குடுத்த கென்கிப் பொட்டலத்தை அவன் வாங்கமாட்டேன்னு தட்டிவிட்டான். அதை யாரையும் தொட விடாம வச்சிருந்தா, பூஞ்சை பூக்குற வரைக்கும்."

எபோ, நம் வழக்கப்படி நீங்கள் உங்களைப் பெற்ற அம்மா வழிக் குடும்பத்துப் பிள்ளை. உங்கள் தாய்மாமா வந்து கேட்டால் வைத்துக்கொள்ள அத்தைக்கு உரிமை ஏது? தடுத்திருந்தால் நாளைக்கு மாமாவின் வீட்டில் உங்களுக்கு இடம் இல்லாமல் போயிருக்கும். இதெல்லாம் இன்று உங்களுக்குத் தெரியும். பத்து வயதுப் பையனுக்கு எப்படித் தெரியும்? போன இடமும் கத்தோலிக்க வீடு, அங்கே இப்படிப் பாடுகிற கிழவிகள் இல்லை. நீங்கள் நினைத்துக்கொண்டதில் தப்பே இல்லை. நானே என் கண்முன்னால் பார்த்தும் அப்படித்தானே நினைத்தேன்.

அன்று லாரி நிறுத்தத்தில் அவர் பாடிய பாட்டு என்னவென்று அட்வோவா மாமியிடம் கேட்டேன். ஆஸ்பத்திரியில் பாடியதேதானாம். "வழி நீளமாயிருக்கு, பிள்ளை சின்னதாயிருக்கு, நான் வர முடியாது, நீர் கூடப் போம் ஆண்டவரே." லாரி எஞ்சின் சத்தத்தில் உங்களுக்கு வார்த்தை கேட்டிருக்காது.

உங்கள் போன கடிதத்தை வழக்கம்போல அவருக்குப் படித்துக் காட்டினேன். "பெயரைப் பிறகு நான் சொல்லியனுப்புகிறேன், அந்தம்மா பெயர் மட்டும் வேண்டாம்" என்ற இடம் வந்தது. விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். பிரசங்கம் கேட்டே பழகிய காது அல்லவா. "ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவுல இத்தனை பெரிய மூச்சா, டீச்சரம்மா?" என்றார். கொஞ்ச நேரம் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரி விடு, சாப்பாட்டைப் பத்தி என்ன போட்டிருக்கான், அதைப் படி" என்றார். மீன்காரிகள் "உன் பேர்தானே வைக்கப் போறாங்க?" என்று கேட்டால், "ஐயோ வேணாம், என் பேரை வச்சா இதுவும் காலம் பூரா அடுப்புக்கிட்டயே கிடக்கும்" என்று சிரிக்கிறார். பெயர் சொல்ல ஒரு பிள்ளை தங்காதவர் அப்படிச் சிரிப்பதை என்னால் நின்று பார்க்க முடிவதில்லை.

மழை தொடங்கியதிலிருந்து அவருக்குக் கால் வீங்கியிருக்கிறது. இருதயம் களைத்துவிட்டது, மாத்திரை கொடுக்கிறேன், வேறொன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இன்று காலை ஆராதனையில் போதகர் பேச்சை நிறுத்தி அத்தை பக்கம் பார்த்தார். எல்லோரும் பார்த்தோம். அத்தை எழுந்து வாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது. சபை அப்படியே காத்திருந்தது. கடைசியில் அட்வோவா மாமி முதல் வரியை எடுத்துக் கொடுத்தார், அத்தை உதட்டை மட்டும் அசைத்தார். வீட்டுக்கு வந்ததும், "பார்த்தியா, போதகருக்கு இன்னிக்குத்தான் மூச்சு வாங்க நேரம் கிடைக்கல" என்று அதையும் வேடிக்கையாக்கினார். அதனால்தான் நாளைக்கு என்று தள்ளிப்போடாமல் இப்போதே எழுதுகிறேன்.

எட்டாம் நாள் செய்திருக்க வேண்டிய பெயர்வைப்பு ஆஸ்பத்திரியால் தள்ளிப்போனது உங்களுக்குத் தெரியும். உங்கள் சித்தப்பா இந்த அறுவடை நன்றி ஆராதனைக்கு முன்னால் முடித்துவிடலாம் என்கிறார். "பேரு அப்பன் வாயிலேர்ந்து வரணும், நானா ஒண்ணும் வைக்கமாட்டேன்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். குழந்தை நாக்கில் தண்ணீர் துளி வைப்பவரின் குணம் குழந்தைக்கு வரும் என்பார்களே, அது யார் கை என்பதையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை பிறந்ததால் எஃபுவா என்று கூப்பிடுகிறோம். அது கிழமை கொடுத்த பெயர், தெருவுக்குப் பத்து எஃபுவா. நீங்கள் கொடுக்கிற பெயருக்காக அவள் இன்னும் காத்திருக்கிறாள்.

இவளுக்கு எஃபுவா குவான்சிமா என்று பெயர் வைக்க அனுமதி தாருங்கள். அத்தையின் விரலே அவள் நாக்கில் முதல் துளியை வைக்கட்டும். உங்களைப் பெற்றவரை நான் மறக்கவில்லை. கடவுள் இன்னொரு பெண் கொடுத்தால் அந்தப் பெயர் அவளுக்கு. இவள் உயிரோடிருப்பது எந்த மார்பின் சூட்டில் என்பது எனக்குத் தெரியும். நன்றியை நான் வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அத்தைக்குக் காது கேட்கும்போதே அந்தப் பெயரைச் சொல்லிக் குழந்தையைக் கூப்பிட வேண்டும்.

உங்களுக்கு எழுதப்போகிறேன், ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். பெயரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அவனுக்குக் குளிர் பட்டா தொண்டை கட்டும், சின்னதிலேர்ந்தே அப்படித்தான். கழுத்தைச் சுத்தித் துணி கட்டிக்கச் சொல்லு" என்றார். பிறகு கதவு வரைக்கும் போய்த் திரும்பி, "நான் சொன்னேன்னு போடாதே, நீயே சொல்றமாதிரி போடு" என்றார். போட்டுவிட்டேன், அவர் சொன்னதாகவே.

ஆண்டவர் உங்களைக் கப்பல் தகட்டு நெருப்பிலும் அந்த ஊர்ப் பனியிலும் பத்திரமாகக் காப்பாராக. குழந்தை அசைகிறாள், விளக்கை அணைக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மகளையும் உங்கள் எனாவையும் அருகில் வைத்துக்கொண்டிருக்கும்
மான்சா

பெயர் ஒரு வரியில் இருந்தால் போதும், உங்கள் கையெழுத்தில். சீக்கிரம் பதில் போடுங்கள்.