பாலம் வந்தால் சொல்ல வேண்டும்

அன்புள்ள மகன் செங்-யானுக்கு,

அம்மா சொல்ல, தங்கை யூ-தோங் எழுதும் கடிதம் இது. நானும் அவளும் சுகமாக இருக்கிறோம். அந்த அரிசோனாப் பாலைவனத்தில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, வெயிலில் தொப்பி போட்டுக்கொண்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கடல் காக்கும் மாட்சு அம்மனிடம் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்பா எப்படி இருக்கிறார் என்பதை மட்டும் இந்த வரியில் எழுதி முடிக்க முடியாது, அதற்காகத்தான் கடிதம். போனில் பேசினால் ஆகாதா என்று நினைப்பாய். போனில் நீ "கொஞ்சம் பொறுங்கம்மா" என்கிறாய், நான் "சரிப்பா" என்கிறேன், பிறகு சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார். இது சிப்பிக் காலம், ஓடு கீறிக் கீறிக் கையெல்லாம் புண், பேனா பிடித்தால் எரிகிறது, அது போதாதென்று என் கையெழுத்தும் உனக்குத் தெரியும். நான் வாய்க்கு வந்தபடி சொல்கிறேன், இவள் அதைப் பள்ளிக்கூட நடைக்கு மாற்றி எழுதுகிறாள். அழகாக ஏதாவது வந்தால் அது அவளுடையது என்று வைத்துக்கொள்.

வீட்டில் பெரிதாக ஒன்றும் இல்லை. போன புயலில் பின்கட்டுத் தகரம் பறந்து எதிர்வீட்டுக்காரரின் மீன் குட்டையில் விழுந்தது, அவர் அதை எடுத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு "உங்க வீட்டுக் கூரைக்கு என் மீன் மேல ஆசை" என்று சிரித்துவிட்டுப் போனார். யூ-தோங்குக்குக் கல்லூரி நுழைவுத் தேர்வு நெருங்குகிறது, சாப்பிடும்போதும் புத்தகம்தான், குழம்பு எது எழுத்து எது என்று தெரியாமல் சாப்பிடுகிறாள். இந்த வரியை எழுத மாட்டேன் என்றாள், எழுத வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி சியாயி நகரத்து ஆஸ்பத்திரிக்கு அவள்தான் போகிறாள். மற்ற நாட்களில் சிப்பி வேலை முடித்துவிட்டு நான் போகிறேன். அப்பா ஓட்டிய அதே வழித்தட பஸ்தான். டிரைவர்கள் எங்களிடம் காசு கேட்பதில்லை, நாங்கள்தான் வம்படியாகக் கொடுக்கிறோம்.

அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். மூளையில் ரத்தக்குழாய் வெடித்த அன்று எல்லாம் செய்யுங்கள் என்று நீ போனில் அழுதாய், இங்கே டாக்டரிடம் நானும் அதையேதான் சொன்னேன். அதில் தப்பில்லை. அன்றைக்கு அந்த இடத்தில் நின்றவர்கள் யாரும் வேறு எதையும் சொல்லியிருக்க மாட்டார்கள். தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள், அந்தக் குழாய் வழியாகத்தான் இன்றுவரை பொறி அவருக்காக மூச்சு விடுகிறது. நீ வந்து ஒரு வாரம் இருந்தபோது கண்கள் மூடியிருந்தன. இப்போது சில நேரம் திறக்கின்றன. திறந்தால் பார்க்கிறார் என்று அர்த்தமில்லை என்று நமக்குப் புரிய வைக்க டாக்டருக்கு வெகுநாள் ஆயிற்று. மூன்று முறை நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் வந்து போய்விட்டது, இப்போது சிறுநீரகமும் ஓய்கிறது. லியாவ் என்று ஒரு டாக்டர், உன் வயதுதான் இருக்கும், அந்தப் பெண் என்னைத் தனியாக உட்கார வைத்து, மூளை திரும்பாது, உடம்பும் இனி மேலேறாது, பொறியை எடுப்பது பற்றி நினைக்கலாம் என்று சொன்னாள். நான் பளிச்சென்று கேட்டுவிட்டேன், அப்போ நான் அவரைக் கொல்றேனா என்று. அவள் உடனே இல்லை என்று சொல்லவில்லை, அதனால்தான் எனக்கு அவளைப் பிடித்தது. "இல்லைன்னு நான் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க அம்மா. கொல்றது நோய். நாம நடுவழியில மறிச்சு நிக்கிறோம். கொஞ்சம் விலகி நிக்கலாமான்னுதான் கேக்கறேன்" என்றாள்.

பெரிய அத்தையிடம் சொன்னேன். தம்பியை நினைத்து அழுதார், பிறகு என்னைத் திட்டினார், மூச்சு இருக்கிறவரை ஆள் இருக்கிறான், சாப்பிடுகிறவன் வாயிலிருந்து சோற்றைப் பிடுங்குவார்களா என்றார். உனக்கு ஞாபகம் இருக்கும், பக்கத்துத் தெரு சலூன்காரர் இதேபோல் வருடக்கணக்கில் படுத்துக் கிடந்தபோது அவரைப் பார்த்துவிட்டு வந்து அப்பா சொன்னார், "கடைசி நிறுத்தம் வந்தப்புறம் இன்ஜினை ஓடவிட்டு உக்காந்திருக்கிற டிரைவருக்கு டிப்போவுல என்ன மரியாதை? எனக்கு இப்படி ஆனா சாவியைத் திருப்பிடுங்க" என்று. அதை அத்தையிடம் சொன்னால், "ரெண்டு கிளாஸ் போட்டுட்டு அவன் சொன்னதெல்லாம் உயிலா?" என்று கேட்கிறார். அவர் கேட்டதும் நியாயம்தான். நன்றாக இருக்கிற மனுஷன் வாய்விட்டுச் சொல்வது வேறு, அந்தக் கட்டிலில் கிடக்கிறவர் என்ன கேட்பார் என்பது வேறு. பல நாள் அதை யோசித்தே சிப்பிக்குப் பதில் விரலில் கத்தி போட்டேன். கடைசியில் அத்தை அம்மனிடமே கேட்டுவிடுவோம் என்று கோயிலுக்குப் போய்ப் பிறைக்கட்டைகளைப் போட்டார். ஒன்று நிமிர்ந்து ஒன்று கவிழ்ந்தால் ஆமாம், இரண்டும் கவிழ்ந்தால் வேண்டாம். மூன்று முறை போட்டும் மூன்று முறையும் இரண்டு கட்டையும் நிமிர்ந்தே விழுந்தன, அதாவது அம்மன் பதில் சொல்லாமல் சிரிக்கிறாள். அத்தை வீட்டுக்கு வந்து செருப்பை உதறிவிட்டு, "இதுல அவளுக்கு என்ன சிரிப்பு?" என்று ஒரு நாள் முழுக்கக் கோபமாக இருந்தார். எனக்கு அப்போதுதான் புரிந்தது, அம்மன் இதை என் தலையிலேயே விட்டுவிட்டாள் என்று.

போன வாரம் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இரண்டு டாக்டர்கள் எழுதிக் கொடுத்த பிறகு, மனைவி ஒருத்தியின் கையெழுத்தே சட்டத்துக்குப் போதும் என்றார்கள். உன்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ வேண்டாம் என்பாய், நான் மீறிச் செய்திருப்பேன், அது உனக்கும் எனக்கும் நடுவில் கடைசிவரை கிடக்கும். அல்லது எனக்காக நீ சரி என்பாய், அது உன் நெஞ்சுக்குள் கிடக்கும், எனக்குப் பிறகும் கிடக்கும். இரண்டும் உனக்கு வேண்டாம். நான் அவரோடு குடித்தனம் செய்தவள், இது என் கணக்கில் இருக்கட்டும். கோபம் வந்தால் என்மேல் கோபப்படு, அதைத் தாங்கிக்கொள்வேன். இரு, அடுப்பில் கஞ்சி வைத்தேன், பொங்குகிறது போலிருக்கிறது.

அண்ணா, அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார், இது யூ-தோங். உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், அம்மாவிடம் கூட இதுவரை சொல்லவில்லை. இந்த விஷயத்தைப் பற்றிப் பள்ளி நூலகத்தில் இருந்த எல்லாவற்றையும் படித்துவிட்டேன். பொறியைத் தொடக்கத்திலேயே வைக்காமல் விடுவதும், வைத்ததைப் பிறகு எடுப்பதும் அறத்தில் ஒன்றுதான் என்று ஒரு புத்தகம் சொல்கிறது. தர்க்கத்தில் எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது, அப்பாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் சரியாகப் படவில்லை. வாழ்க்கை என்றால் மூச்சா, நினைவா என்று இன்னொரு புத்தகம் கேட்கிறது. எனக்குப் பதினெட்டு ஆகவில்லை, என்னை யாரும் எதுவும் கேட்கவும் மாட்டார்கள், ஆனால் எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. ஒரு நாள் அப்பா என் விரலை அழுத்தியது போல இருந்தது. அது தானாக நடக்கும் அசைவு என்று நர்ஸ் சொன்னார். நான் நம்பவில்லை. அப்பாவுக்கு எதில் கோபம் வரும் என்று யோசித்தேன். யாராவது வழித்தடத்தைத் தப்பாகச் சொன்னால் அவருக்குப் பொறுக்காது, சாப்பாட்டின் நடுவில் எழுந்து திருத்துவார் இல்லையா? அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் காதருகே குனிந்து சியாயியிலிருந்து நம் ஊர்வரை ஒவ்வொரு நிறுத்தமாகச் சொல்லத் தொடங்கினேன். முதலில் சரியாக, பிறகு வேண்டுமென்றே தப்பாக. சந்தைக்கு முன்னால் உப்பளத்தைச் சொன்னேன். பள்ளிக்கூட நிறுத்தத்தை விட்டுவிட்டேன். ஒரு நாள் பஸ்ஸை ஆற்றுக்கு இந்தப் பக்கமே திருப்பிவிட்டேன் அண்ணா. புருவம் அசைகிறதா, மானிட்டரில் எண் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றுமில்லை. சரியாகச் சொன்னபோதும் அதே முகம், தப்பாகச் சொன்னபோதும் அதே முகம். வேனில் காலம் முழுக்க இதைச் செய்தேன். இது விஞ்ஞானம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் ஆற்றைத் தாண்டாமல் பஸ்ஸைத் திருப்பியும் பேசாமல் இருக்கிறவர் நம் அப்பா இல்லை. அன்றைக்குத்தான் நான் அழுதேன், அதற்கு முன்னால் அழவே இல்லை.

இன்னொன்று. பொறியை எடுப்பது வீட்டில் வைத்துத்தான், கடைசி மூச்சு அங்கேதான் போக வேண்டுமாம். அப்பாவைக் கொண்டுவரும்போது ஆம்புலன்ஸில் பையைக் கையால் அமுக்கி மூச்சுக் கொடுத்துக்கொண்டே வருவார்கள், ஒரு மூச்சாவது வீட்டுக்குள் வந்துசேர வேண்டும் என்பதற்காக. வழி நெடுக, பாலம் வருகிறது அப்பா, இதோ திருப்பம் அப்பா என்று யாராவது சொல்லிக்கொண்டே வர வேண்டும், இல்லாவிட்டால் ஆவி பாதியிலேயே நின்றுவிடும் என்று அத்தை சொல்கிறார். மூத்த பிள்ளைதான் சொல்ல வேண்டுமாம். நீ வராவிட்டால் நான் சொல்வேன். தப்பாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் இது, அன்றைக்குக் குழறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அம்மா வருகிறார்.

செங்-யான், இவள் எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னேன். பாதியில் நிறுத்தினாள், முழுக்கப் படி என்றேன். இத்தனை நாள் அங்கே உட்கார்ந்து இந்தப் பெண் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியவே தெரியாது. அங்கே பாடம் படிக்கிறாள் என்றல்லவா நினைத்தேன். கஞ்சியை அவளுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு, அவள் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு இப்போதுதான் மறுபடி சொல்கிறேன்.

நான் சொல்ல வந்தது இனிமேல்தான் இருக்கிறது. புத்தாண்டுக்கு வருகிறேன் என்றாய், கல்லறை துடைக்கும் நாளுக்கு என்றாய், பிறகு படகு விழாவுக்கு என்றாய். ஒவ்வொரு தடவையும் வேலை என்றாய். வேலை இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் உன்னைப் பெற்றவள். அண்ணன் வரட்டும், வந்த பிறகு முடிவெடுப்போம் என்று இங்கே எல்லோரும் உன் காதுபடச் சொல்லிக்கொண்டிருந்தோம். நீ அதைப் பிடித்துக்கொண்டாய். நீ வருகிற நாள் அப்பா போகிற நாள் என்று உனக்குத் தோன்றிவிட்டது. அதனால் நீ வராமல் இருந்து அவரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாய். மறதியால் வராத பிள்ளையைத் திட்டலாம், பாசத்தால் வராத பிள்ளையை என்ன செய்வது? நான் இதை வெகுநாள் வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன், ஏனென்றால் எனக்கும் அது வசதியாக இருந்தது. நீ வராதவரை நானும் முடிவெடுக்க வேண்டாம். நாம் இரண்டு பேரும் இரண்டு கரையில் நின்றுகொண்டு, நடுவில் அவரை மூச்சு விட வைத்துக்கொண்டிருந்தோம்.

அந்த முடிச்சை அவிழ்த்துவிட்டேன். நம் நிலாக் கணக்கில் இந்த ஏழாம் மாதம் ஆவிகள் உலாவும் மாதம், அதில் எதுவும் வேண்டாம். நிலா விழா முடிந்த பிறகு, எட்டாம் மாதம் இருபதாம் தேதி காலையில் அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். பஞ்சாங்கத்தில் நாள் பார்த்தது பெரிய அத்தைதான். "நான் ஒத்துக்கல, அது வேற. ஆனா கூடத்துல அவனைக் கிடத்தப்போற பலகையை நான்தான் துடைப்பேன், உனக்குத் துடைக்கத் தெரியாது" என்றார். நீ வந்தாலும் அந்தத் தேதிதான், வராவிட்டாலும் அந்தத் தேதிதான். நீ நாளைக்கே வந்து நின்றாலும் அவரை யாரும் தொட மாட்டார்கள், டாக்டரிடம் பேசிவிட்டேன். உன் வருகையால் அவர் போகப்போவதில்லை. நீ வராததால் அவர் இருந்துவிடப்போவதும் இல்லை. இனி நீ வருவது வருவது மட்டும்தான்.

அப்பாவின் கை இன்னும் சூடாகத்தான் இருக்கிறது. ஸ்டீயரிங் பிடித்த காய்ப்பு கூட உள்ளங்கையில் மிருதுவாகிவிட்டது, இத்தனை வருடத்தில் இப்படி ஒரு மெத்தென்ற கையை நான் பார்த்ததில்லை. அந்தக் கையை நீ வந்து பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும் என்று எனக்கு ஆசை. அவருக்குத் தெரியாது, அது எனக்கும் தெரியும். உனக்குத் தெரிந்திருக்கும். பிறகு ஒரு நாள் பாலைவனத்தில் தனியாக இருக்கும்போது, அந்தச் சூட்டை நீ நினைத்துக்கொள்ளலாம். இருபதாம் தேதிக்குப் பிறகு நீ எத்தனை விமானம் ஏறி வந்தாலும் அதை என்னால் உனக்குக் கொடுக்க முடியாது. வண்டியில் வழி சொல்வதை நினைத்துப் பயப்படாதே, உன்னால் முடியாவிட்டால் தங்கை சொல்வாள், அவளுக்கும் வராவிட்டால் நான் சொல்வேன். எனக்கு எல்லா நிறுத்தமும் தெரியும்.

சீக்கிரம் தூங்கு. குளிர்சாதனத்துக்கு நேராகத் தலையை வைக்காதே. வரும்போது மாத்திரை டப்பா, இனிப்பு என்று எதையும் வாங்கிக்கொண்டு வராதே. இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதி நாளைப் போக்காமல் டிக்கெட்டை எடு. மாட்சு அம்மன் உன்னைக் கடல் தாண்டிப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும், நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
அம்மா

(எழுதியவள்: யூ-தோங். பிழை இருந்தால் என்னுடையது.)