சீரகம் ஒன்பது ரூபாய்

சித்தப்பா,

உங்கள் போனை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துப் பார்த்துவிட்டேன். பெருங்காய வாசனை போகவில்லை. கவரைக் கழற்றினால் உள்ளேயும் அதேதான். இன்று காலை கிழக்கேகோட்டையில் போன் கம்பெனிக் கடையின் மேசைமேல் அதை வைத்ததும் கவுன்டர் பெண் மூக்கைச் சுளித்தாள், பிறகு சிரித்தாள். "ஆரியசாலை அல்லே சார்?" என்றாள். நம் மசாலாக் கடைத் தெருவை வாசனையிலேயே கண்டுபிடித்துவிட்டாள். அவள் திரையில் நம் குடும்பத் திட்டம் இருந்தது. மேலே உங்கள் பெயர், கீழே அம்மா, நான், கடை நம்பர். "ஆளு மரிச்சு போயெங்கில் ஈ நம்பர் கட் செய்யாம்" என்று குரலைத் தணித்துச் சொன்னாள். ஆள் இறந்திருந்தால் இந்த நம்பரை நிறுத்திவிடலாமாம்.

கட் செய்ய வேண்டாம், அம்மா பெயருக்கு மாற்றிக் கொடு என்றேன். பாசத்தில் சொன்னதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். கடையில் உங்கள் நாற்காலியில் இப்போது அம்மாதான் உட்காருகிறாள். பார்ட்டிகள் அந்த நம்பருக்குத்தான் கூப்பிடுகிறார்கள். வேலை செய்கிற நம்பரை எதற்காக விட வேண்டும்?

ஆனால் அந்தப் பட்டியலில் அக்கா பெயர் இல்லை. அதைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. அக்காவை அதிலிருந்து எடுப்பதற்குள் எங்களை என்ன பாடு படுத்தினீர்கள்!

அப்பா போனபிறகு கடையையும் எங்களையும் நீங்கள்தான் தாங்கினீர்கள். அக்காவுக்குப் பொன்முடி எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்தபோது தெருவுக்கே லட்டு கொடுத்தீர்கள். அதே வாரம் நம் எல்லோரையும் ஒரே கம்பெனிக்கு மாற்றினீர்கள். ஒரே திட்டம், ஒரே பில். ஆரியசாலையில் பாதிக் கடைகள் அந்தக் கம்பெனிதான் என்பது உங்கள் ஆராய்ச்சி. மலைமேல் அது எடுக்குமா என்று பார்த்துவிட்டு மாற்றலாம் என்றேன். "கம்ப்யூட்டர் படிச்சவனுக்கு எல்லாத்துலயும் சந்தேகம்" என்றீர்கள். நான் படித்தது கம்ப்யூட்டர் அல்ல, தொலைத்தொடர்பு என்று எத்தனை தடவை சொன்னாலும் உங்கள் காதில் ஏறாது.

அக்கா மேலே போனாள். போன் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் கொறகொறவென்று ஏதோ சத்தம், பிறகு ஒன்றுமில்லை. நீங்கள்தான் தீர்ப்புச் சொன்னீர்கள்.

"போன் எடுக்காத இடத்துல நம்ம வீட்டுப் பொண்ணு எதுக்குலே? ஓணத்துக்குள்ள செரியாகலேன்னா அவ வேலைய விட்டுட்டு எறங்கி வந்துரணும்."

"அவ எதுக்கு எறங்கணும்? கம்பெனிய மாத்தினா போச்சு."

"அப்பம் அவ மட்டும் வேற பிளானா? பாகம் பிரிக்கச் சொல்லுதியாலே?"

நான் சிரித்தேன், நீங்கள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தீர்கள். குடும்பத் திட்டம் என்று கம்பெனிக்காரன் வைத்த பெயரை நீங்கள் அப்படியே நம்பிவிட்டீர்கள். அதிலிருந்து ஒரு பெயர் போனால் வீடே இரண்டாகிவிடும் உங்களுக்கு. உங்களோடு பேசிப் பயனில்லை என்று மூன்று கம்பெனிகளின் சிக்னல் வரைபடங்களைக் காட்டினேன். பொன்முடி மூன்றிலுமே பச்சை. "படத்துல பச்சை அடிக்க எவனுக்கும் தெரியும்" என்றீர்கள். அதில் மட்டும் நாம் இருவரும் ஒரே கட்சி.

ஆகவே மேலே போய்ச் சோதிப்பது என்று முடிவாயிற்று. நம் சிம் ஒன்று, வேறு இரண்டு கம்பெனிகளின் சிம் இரண்டு. என் போனில் சிக்னலை அளக்கும் செயலி. வித்துராவில் பஸ் மாறினோம். வளைவுக்கு வளைவு நான் அளவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தேன். நீங்கள் இஞ்சி மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு கண்ணை மூடியிருந்தீர்கள். "அளந்து என்னலே செய்ய? பேசிப் பாக்கணும்" என்று மட்டும் கண் திறக்காமல் சொன்னீர்கள்.

அக்காவின் குவார்ட்டர்ஸ் வாசலில் பனி இறங்கியிருந்தது. அவள் டீ கொண்டுவந்து வைத்தாள், நம் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பரீட்சை எழுதியவள் போல இருந்தாள். முதலில் நம் சிம்மை என் போனில் போட்டேன். சிக்னல் கம்பி முழுசாக வந்தது. "பாத்தியா!" என்றீர்கள். அளவைப் பார்த்துவிட்டுப் பேச வேண்டும் என்பதற்குள் போனைப் பிடுங்கி அம்மாவைக் கூப்பிட்டீர்கள்.

உங்கள் சோதனை கடைச் சோதனை. ஆரியசாலையில் போனில் ரேட் சொன்னால் கேட்பவன் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொன்னால்தான் வியாபாரம், இல்லையென்றால் சொன்னது சொன்னதே இல்லை. அந்த வழக்கத்தை நான் மதிக்கிறேன். எங்கள் தொழிலிலும் அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்று இப்படித்தான் பார்ப்போம்.

"மதினி, நான் சொல்லுததக் கேட்டுத் திருப்பிச் சொல்லுங்க" என்று ஆரம்பித்தீர்கள். மல்லி, வத்தல், சீரகம், வெந்தயம், அன்றைய ரேட் எல்லாம் சொன்னீர்கள். ஸ்பீக்கரில் அம்மாவின் குரல் மணி மாதிரி வந்தது. மல்லி இவ்வளவு, வத்தல் இவ்வளவு, சீரகம் இருநூற்று நாற்பது, வெந்தயம் இவ்வளவு. ஒன்றும் பிசகவில்லை.

"தீந்துது. நம்ம கம்பெனியே போதும்" என்று என்னைப் பார்த்தீர்கள். அக்கா மூச்சு விட்டாள். எனக்கு ஒப்பவில்லை. செயலியில் நமக்கு வருகிற சிக்னல் நன்றாக இருந்தது. நம்மிடமிருந்து போகிறது மோசம். டவர் பேசுவது நமக்குக் கேட்கும், நாம் பேசுவது டவருக்குக் கேட்காது. கம்பி அதைக் காட்டாது. அம்மாவுக்கு எப்படி எல்லாம் கேட்டது?

அப்போதுதான் பிடிபட்டது. தினமும் காலையில் தோசைக்கு உட்காரும்போது அன்றைய ரேட்டை நீங்கள் சொல்லாமல் இருந்ததில்லை. அதே வரிசையில்தான் சொல்வீர்கள். அம்மா மாவு ஊற்றிக்கொண்டே கேட்பாள். அன்று காலையும் கேட்டிருந்தாள்.

"சித்தப்பா, சீரகத்த மாத்திச் சொல்லுங்க. ஒம்பது ரூவான்னு சொல்லுங்க."

"கோட்டியாலே ஒனக்கு?"

"சொல்லுங்க."

சொன்னீர்கள். சீரகம் ஒன்பது ரூபாய், திருப்பிச் சொல்லுங்க மதினி. அம்மா மறுபடி மல்லியிலிருந்தே தெளிவாக ஒப்பித்துக்கொண்டு வந்தாள்: "சீரகம் இருநூத்தி நாப்பது, தம்பி. நல்லாக் கேக்கு."

உங்கள் முகம் அப்படிப் போய் நான் பார்த்ததில்லை. படியில் உட்கார்ந்தீர்கள். அக்காவிடம், "மோளே, பெட்டியக் கட்டு" என்றீர்கள். அவள் டீ தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே திரும்பினாள்.

"சும்மா இருங்க சித்தப்பா" என்றேன். "தோத்தது கம்பெனி. அவ எங்க தோத்தா? இன்னும் ரெண்டு சிம் இருக்கு."

இரண்டாவது சிம்மில் ஒன்றுமே இல்லை. மூன்றாவதில் ஒற்றைக் கம்பி. "ஒத்தக் குச்சி, இதுவா?" என்று உதட்டைப் பிதுக்கினீர்கள். வாசலில் அது விட்டுவிட்டு வந்தது. வீட்டைச் சுற்றி நடந்தேன். பின்பக்கம் துணி துவைக்கிற கல்லுக்கருகில், பிறகு அதை ஒட்டிய சமையலறை ஜன்னலில், போகிற சிக்னலும் வருகிற சிக்னலும் சமமாக நின்றன. உங்களை அங்கே இழுத்துக்கொண்டு போய் அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நிறுத்தினேன்.

"மதினி, சீரகம் ஒம்பது ரூவா."

"என்னது, ஒம்பது ரூவாயா? மலை ஏறினதுல மண்டையில காத்தடிச்சிட்டா தம்பி? நீங்க அங்க கெடங்க, கடையப் பூட்டிச் சாவிய நான் ஆத்துல போட்டிருதேன்!"

அக்கா அடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. நீங்கள் சிரிக்கவில்லை. போனைக் காதில் வைத்தபடியே, அம்மா திட்டி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டு நின்றீர்கள். பிறகு, "பெட்டியக் கட்ட வேண்டாம்" என்றீர்கள்.

திரும்பும்போது வித்துரா டீக்கடையில் நின்றபோது, "பில்லு ரெண்டாத்தான் ஆகட்டுமே" என்றீர்கள்.

"அதத்தான ஆடியிலேருந்து சொல்லுதேன்."

"மனுசனுக்கு ஏறுத மாதிரியா சொன்ன நீ?"

அது சரிதான். இப்போதும் அப்படித்தான் சொல்கிறேன், ஆபீசிலும் திட்டு வாங்குகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவைப் பிடித்துக்கொண்டீர்கள். கேட்காமலே ரேட் சொன்னீர்களே மதினி, இது நியாயமா என்றீர்கள். அம்மா அசரவில்லை. "கேக்கலேன்னு சொன்னா அவளக் கையோட கூட்டிட்டு வந்திருப்பீங்கல்லா?" என்றாள். அதற்கடுத்த வாரம் சரக்கெடுக்கப் போனபோது கடையைப் பூட்டாமல் அம்மாவைக் கல்லாவில் உட்காரவைத்துவிட்டுப் போனீர்கள். தெருவில் சிலர் முணுமுணுத்தார்கள். "எங்க மதினிக்கு ரேட் கேக்காமலே தெரியும்வே" என்று பெருமையாகச் சொன்னீர்கள். இன்று கடை நடக்கிறது என்றால் அதனால்தான்.

போன மழையில் நீங்கள் கடையிலேயே சாய்ந்தபோது அக்காவுக்குச் சொல்ல வேண்டியவன் நான். சொன்னேன். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. மறுபக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று, "கேட்டியா? திருப்பிச் சொல்லு" என்றேன். வாயில் அதுதான் வந்தது. அவள் சொன்னாள், "சித்தப்பா போயிட்டாங்க." ஒரு எழுத்துகூடச் சிதையவில்லை. அவள் அடுத்த பஸ்ஸைப் பிடித்து உங்களைத் தூக்குவதற்கு முன் வந்து சேர்ந்தாள். அப்படிக் கேட்டேனே என்று பிறகு எனக்கு வருத்தம் தோன்றியதில்லை. நீங்களும் அப்படித்தான் கேட்டிருப்பீர்கள்.

இப்போது நான் யாரையும் "கேக்குதா?" என்று கேட்பதில்லை. நல்லா இருக்கியா என்றும் கேட்பதில்லை. நல்லா இருக்கேன் என்பது காதில் ஒன்றும் விழாமலே சொல்லக்கூடிய பதில். இன்று மத்தியானம் அக்காவைக் கூப்பிட்டேன். எடுத்ததும், "அக்கா, அம்மா கடைய வித்துட்டுப் பொன்முடியில தேயிலை பறிக்க வாரா, ஒன் ரூமுலதான் தங்குவாளாம்" என்றேன்.

"போலே அந்தப் பக்கம்! ஊசி போட இங்க ஒரு வரிசையே நிக்கி, அவனுக்கு வெளையாட்டு" என்று கத்திவிட்டு வைத்துவிட்டாள்.

லைன் நன்றாக இருக்கிறது, சித்தப்பா. அவளும் நன்றாக இருக்கிறாள்.