சயன்ஸ் மேசையில் எட்டு இடம்

கொல்லம் ஆண்டு 1109, கும்பம் 3. வியாழன்

காற்று ஓயவில்லை. உலர்த்திய தாவணி விடுதி வேலிக்கு அப்பால் போய் விழுந்தது. என் தோழி கிருபைதான் ஓடிப்போய் எடுத்து வந்தாள். முள் கிழித்திருக்கிறது. தைக்க வேண்டும்.

அடுத்த வருடம் ஆறாம் பாரத்தில் சயன்ஸுக்கு எட்டே இடமாம். டீச்சர் இன்று சொன்னார்கள். மேசையில் அத்தனை பேருக்குத்தான் சோதனைச் சாமான். மற்றவர்களுக்குச் சரித்திரம்.

எனக்குக் கிடைத்தே ஆக வேண்டும். கிறிஸ்துமஸுக்குப் புதுக்கடை வீட்டுக்குப் போனபோதே அப்பா சொல்லிவிட்டார். "சயன்ஸ் கிட்டுச்சுண்ணா டாக்டருக்குப் படி. இல்லேண்ணா களியக்காவிளைக்காரங்க கேட்டு வந்தாச்சு, கெட்டிக் குடுத்திருவேன்." மாப்பிள்ளைக்கு மிளகு வியாபாரம். பார்த்ததில்லை. பார்க்கவும் வேண்டாம்.

கிருபைக்கு எழுதிக் கொடுத்த படிப்பு முறை, இங்கேயும் கிடக்கட்டும்:
1. நாளைய பாடம் இன்று மாலையே ஒரு தடவை.
2. புத்தகத்தை மூடிவிட்டு அடுத்தவளுக்குச் சொல். சொல்ல வராத இடம்தான் தெரியாத இடம்.
3. படம், பார்க்காமல் வரை.
4. ஏன் என்று கேட்க வெட்கப்படாதே. டீச்சர் கடிக்க மாட்டார்கள். (கடிப்பார்கள். கேள்.)

கும்பம் 9, புதன்

வெயில். சோற்றில் கல். மறுபடியும் புளிக்கறி.

சோதனை வகுப்பு. மேசைக்கு இரண்டு பேர். கிருபை செய்வாள், நான் எழுதுவேன், இரண்டு வருடமாக இப்படித்தான். இன்று ஆசை வந்து குடுவையை எடுக்கப் போனேன். "நீ தொடாத மக்கா. உனக்க கை கெடந்து நடுங்கும். நான் பாத்துக்கிடுதேன்." சரி என்று உட்கார்ந்துவிட்டேன். அவள் நோட்டிலும் நானே எழுதிக் கொடுத்தேன். அவளுக்கு இரண்டு வரி சேர்த்து எழுத வராது.

இப்படி ஒரு தோழி யாருக்குக் கிடைப்பாள்? கர்த்தருக்குத் தோத்திரம்.

சோப்பு தீர்ந்தது. அப்பாவுக்கு எழுத வேண்டும்.

கும்பம் 14, திங்கள்

பெருவிரலில் துணிக்கட்டு. எழுத்து கோணல்.

காலையில் போனால் மேசைக்கு ஒருத்திதான். தனித்தனியாகச் செய்ய வேண்டுமாம். இதை வைத்துத்தான் எட்டுப் பேரை எடுக்கப் போகிறார்களாம். எனக்கு வந்த சீட்டு: கரியமில வாயு உண்டாக்கிச் சுண்ணாம்பு நீரில் சோதித்துக் காட்டு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் கண்ணாடிக் குழாய் தக்கைக்குள் போகவில்லை. அழுத்தினேன். கைக்குள்ளேயே முறிந்தது. ரத்தம்.

"தக்கையை நனைக்கணும்னு தெரியாதா? ரெண்டு வருஷமா என்னதான் பண்ணினே?" டீச்சர். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

எதிர் மேசையில் கிருபை. நனைத்தாள், செருகினாள். பிறகு தாளை எடுத்து எழுதினாள். முழுதாக. தானாகவே.

மாலை கிணற்றடியில் கேட்டேன்.

"ஒத்தைக்குச் செய்யணும்ண்ணு உனக்கு மின்னமே தெரியுமா?"

"தெரியும். வார்டன் வீட்டுக்குத் தண்ணி கொண்டு போனப்பம் டீச்சர் சொல்லுதது காதில விழுந்துது. ரெண்டு வாரம் ஆச்சு. அண்ணையிலேருந்து எழுதிப் பழகுதேன்."

"எங்கிட்ட ஏன்ட்டி சொல்லல்ல?"

வாளியை இறக்கி வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். "சொன்னா நீயும் பழகியிருப்ப. எழுத்தும் உனக்கு, கைவேலையும் உனக்குண்ணா எனக்கு என்ன இருக்கு?"

அழுவாள், மன்னிப்புக் கேட்பாள் என்று நின்றேன். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டு வாரம்! தாவணியை எடுக்க ஓடினாளே, அன்றே தெரியும் அவளுக்கு. அடிப்பாவி. இரவுச் சாப்பாடு வேண்டாம் என்றேன்.

கும்பம் 15, செவ்வாய்

பெயர்ப் பட்டியல் ஒட்டினார்கள். கிருபை ஆறாவது. என் பெயர் இல்லை.

டீச்சர் தனியாகக் கூப்பிட்டார்கள். "ஒன்பதாவது நீதான். எழுத்துப் பரீட்சையில அந்த எட்டுப் பேர்ல யாராவது தோத்தா, இடம் உனக்கு. வெளியில சொல்லாதே."

அப்பாவுக்கு எழுதவில்லை. சோப்புக்கும்தான்.

கும்பம் 19, சனி

குளச்சல்காரி சிப்பி கொண்டுவந்தாள். எல்லோருக்கும் சிப்பிக்கறி. எனக்கு ஓடு போதும் என்றேன். சிரித்தார்கள்.

ஓட்டை இடித்துப் பாட்டிலில் போட்டு எலுமிச்சம்பழச் சாறு விட்டேன். நுரைத்தது. குழாய்க்குப் பப்பாளி இலைத்தண்டு. பாட்டில் வாயை மாவுப்பசையால் அடைத்தேன். சமையல்கார தாயி அக்காவிடம் வெற்றிலைச் சுண்ணாம்பு வாங்கிக் கரைத்துத் தெளியவைத்த நீருக்குள் தண்டின் மறுமுனை. ஒவ்வொன்றாகக் குமிழி. காத்திருந்தேன். வெளுத்தது!

"என்னட்டி, அடுக்களையில மோரா கலக்குத?" தாயி அக்கா.

கை நடுங்கவில்லை. மறுபடி செய்தேன், அப்போதும் இல்லை. நடுங்கும் நடுங்கும் என்று சொல்லிச் சொல்லியே என்னை நம்பவைத்திருக்கிறாள். நானும் அதை அன்பு என்று நினைத்தேன். ஒருவேளை முதலில் அன்பாகவே இருந்திருக்கலாம். எந்த நாளில் மாறியது என்று தெரியவில்லை. அதுதான் தாங்கவில்லை.

முறை, 5: நீயே தொடு.

இதை யாருக்கும் எழுதிக் கொடுக்கப் போவதில்லை.

கும்பம் 21, திங்கள்

புழுக்கம். மேகம் கூடியது, பெய்யவில்லை. நாளை சயன்ஸ் எழுத்துப் பரீட்சை. பேனாவுக்கு மை ஊற்றியாயிற்று.

விளக்கேற்றும் நேரம் கிருபை வந்தாள், புத்தகத்தோடு. ஒரு வாரமாகப் பேச்சில்லை. பழையபடி என் பாயில் ஒட்டி உட்கார்ந்தாள்.

"மக்கா, இந்த ஆக்சிஜன் பாடம் மண்டையில ஏறல்ல. தோத்தா எடம் போயிரும்ண்ணு சொல்லுதாவ. ஒருக்கா சொல்லித் தாயேன்."

அந்தப் பாடத்தில் எந்த வரியில் இடறுவாள் என்றுகூட எனக்குத் தெரியும். போன வருடம் காய்ச்சலில் கிடந்தபோது இவள்தான் கஞ்சி ஊட்டினாள். அதுவும் ஞாபகம் வந்தது, வேண்டாத நேரத்தில்.

"எனக்கும் அந்தப் பாடம் தெரியாது" என்றேன்.

என் முகத்தையே பார்த்தாள்.

"பொய் சொல்லுத, இல்லியா?"

"ஆமா" என்றேன்.