குளிர்ந்தால்தான் ஓடும்

நாள் 141. காலை. படகுக் கொட்டகை.

எழுதுவது டெலிஷியா பர்னாந்து, இயந்திரப் பொறியாளர், நெய்தல் நிலையம், சனியின் நிலா டைட்டன்.

எனக்குப் பிறகு இந்தப் படகைப் பார்த்துக்கொள்ள வருகிறவருக்கு இந்தக் குறிப்பு. வந்ததும் ஒன்றை மனதில் வையுங்கள். இந்தக் கடலில் இருப்பது தண்ணீர் இல்லை, மீத்தேன். மைனஸ் நூற்றெண்பது டிகிரி. கரையில் சரளைக்கல் போலக் கிடப்பதுதான் தண்ணீர், உறைந்து கல்லாகிவிட்ட தண்ணீர். காற்று கனமாக இருப்பதால் அழுத்த உடை தேவையில்லை. சூட்டு உடையும் ஆக்சிஜனும் போதும். அதில் ஒன்று நின்றாலும் கதை முடிந்தது.

நம்முடையது ஜெட் படகு. அடிவயிற்றில் இருக்கும் வாயால் கடலை உறிஞ்சி, பம்பு வழியாகப் பின்னால் பீய்ச்சி ஓடும். கரையோரம் தார்க்கட்டி மிதப்பதால் வெளியே விசிறி வைத்த படகு இங்கே ஒரு நாள் தாங்காது. இன்று வாயின் கம்பி வலையில் ஒட்டியிருந்த தாரைச் சுரண்டினேன். பம்புக்குள் சுற்றும் விசிறிக்கும் அதைச் சுற்றிய வளையத்துக்கும் இடைவெளி கூடிப்போயிருந்தது, புது வளையம் போட்டேன். பழைய மோட்டாரைக் கழற்றிப் பெரியதை வைத்தேன். உட்காரும் அறைக்கும் பெரிய ஹீட்டர். அதற்கு இடம் பற்றவில்லை. அறைக்கும் பம்புக் குழாய்க்கும் நடுவில் சூடு கடக்காமல் தடுக்கும் காப்பு மெத்தையைப் பாதி வெட்டி எடுத்துவிட்டேன்.

ஹீட்டர் இசக்கிமுத்து அண்ணாச்சிக்காக. நிலையத்தில் ஐந்து பேர். மூவர் மேலே சுற்றும் கப்பலுக்குப் போயிருக்கிறார்கள். நான் இங்கே. அண்ணாச்சி விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் ஒரு குடிலில் உட்கார்ந்து பாறையைத் துளைத்துக்கொண்டிருக்கிறார். நிலவியல் படித்தவர், தூத்துக்குடி உப்பளத்துப் பிள்ளை, குளிர் என்றால் குழந்தை மாதிரி சிணுங்குவார். காலையில் ரேடியோவில் வந்தது:

"ஏ பிள்ள, போன தடவ ஒன் படகுல வந்து காலு ரெண்டும் மரக்கட்டயா போச்சு. உள்ள சூடு வச்சாத்தான் ஏறுவேன். இல்லன்னா இங்கனயே கெடந்துக்கிடுதேன்."

வைத்தாயிற்று அண்ணாச்சி.

நாள் 142. மதியம். கொட்டகை.

ட்ரெய்லர் வேலை. படகைக் கடலில் இறக்கவும் ஏற்றவும் இந்த நாலு சக்கர வண்டிதான். சக்கரத்துப் பேரிங்குகளைப் பிரித்துத் துடைத்தேன். கடும் குளிருக்கான க்ரீஸ் தீர்ந்துவிட்டது. புதிதாகக் கேட்டதற்கு மோட்டார் க்ரீஸை அனுப்பி வைத்திருக்கிறார்கள். யார் அனுப்பினார்களோ அவர்கள் கையில் கிடைத்ததைத் தூக்கிப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். இந்தக் க்ரீஸ் இந்தக் குளிரில் சிமெண்டாகிவிடும். அதனால் நாலு சக்கரத்துக்கும் நடுவிலும் விளிம்பிலும் ஹீட்டர் நாடா சுற்றினேன். சூடு ஏறியதும் சக்கரம் ஒரு விரலால் தள்ளினாலே உருண்டது.

இழுக்கும் வின்ச்சுக்குப் புது வயர். அச்சில் ஒரு விரிசல், தகடு வைத்துப் பற்றவைத்தேன். படகைக் கடல் மீத்தேன் நிரப்பிய சோதனைத் தொட்டியில் இறக்கி மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்தேன். பின்னால் பீய்ச்சிய வேகத்தில் தொட்டியில் பாதி வெளியே. எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

நாள் 143. காலை. ரேடியோ அறை.

அண்ணாச்சி குடிலின் சூட்டு உலை விரிசல் விட்டுவிட்டது. அவர் சொன்னது அப்படியே:

"பயப்படாத. ஒலய நிறுத்திட்டேன். உடுப்புல பேட்டரி இருக்கு, கூட ரெண்டு இருக்கு. நாளன்னிக்கு சாயங்காலம் வர தள்ளிருவேன். அதுக்கப்புறந்தான் தெரியல பிள்ள."

நூற்று நாற்பத்தைந்தாம் நாள் மாலை. அதற்குள் நான் அங்கே இருக்க வேண்டும். மேலே கப்பலைக் கூப்பிட்டேன். தலைவி ரெஹானா பேசினார்:

"எங்களால இறங்க முடியாதும்மா. காத்து அடங்க பத்து நாளாவது ஆகும். உன் படகுதான் இருக்கு. பாத்துப் போ."

புது மோட்டாருக்கு அக்கரை நாலைந்து மணி நேரம். மதியம் அங்கே, இரவு உணவுக்கு இரண்டு பேரும் இங்கே. கிளம்புகிறேன்.

நாள் 143. மதியம். இறங்குதுறை.

ட்ரெய்லர் பாழாய்ப் போய்விட்டது.

படகோடு துறைச் சரிவில் நிறுத்திவிட்டு உதிரி பேட்டரி எடுக்க நிலையத்துக்குப் போனேன். சக்கரம் இறுகிவிடக் கூடாதென்று ஹீட்டர் நாடாவை எரியவிட்டே போனேன். திரும்பி வந்து பார்த்தால் நாலு சக்கரமும் தரைக்குள். தரை என்பது தண்ணீர்தானே. விளிம்புச் சூட்டில் உருகிக் குழியாகி, சக்கரம் சேற்றில் இறங்குவது போல இறங்கியிருக்கிறது. பதறிப்போய் நாடாவை அணைத்தேன். அணைத்திருக்கக் கூடாது. உருகிய தண்ணீர் சக்கரத்தைச் சுற்றி ஒரு நொடியில் கல்லாகிவிட்டது. மறுபடி சூடேற்றினேன், நாடா அறுந்துவிட்டது.

சங்கிலி போட்டு இழுத்தேன். பற்றவைத்த இடத்திலேயே அச்சு முறிந்தது. படகின் பின்பக்கம் கடலில், மூக்கு ட்ரெய்லரில். படகைக் கட்டியிருந்த பட்டைகளை அறுத்து, மூக்கைத் தாங்கும் கம்பத்தைச் சம்மட்டியால் அடித்துச் சாய்த்து, தோள் கொடுத்துத் தள்ளினேன். சறுக்கிக்கொண்டு இறங்கியது. இந்த உலகத்தில் எடை குறைவு, அந்த ஒரு உபகாரத்துக்கு நன்றி.

திரும்பி வரும்போது படகைக் கரையேற்ற வழியில்லை. அது திரும்பி வந்த பிறகு படவேண்டிய கவலை.

நாள் 143. மாலை. கடலில்.

முதல் ஒரு மணி நேரம் படகு பறந்தது. பிறகு மோட்டார் திடீரென்று லேசாகி அலறியது, வேகம் விழுந்தது. வலையில் தார் அடைத்திருக்கும் என்று கம்பியை விட்டுக் குத்திப் பார்த்தேன். வலை சுத்தம். பின்னால் எட்டிப் பார்த்தால் வெறும் நுரை.

விஷயம் புரிய நேரம் பிடித்தது. இந்த மீத்தேனுக்குள் நைட்ரஜன் கரைந்து கிடக்கிறது. லேசாகச் சூடு பட்டாலும் கோலி சோடாவைத் திறந்தது போலப் பொங்கிவிடும். பம்புக்குள் திரவம் இருந்தால்தான் விசிறி தள்ளும். நுரையைத் தள்ளி என்ன பிரயோஜனம். சூடு எங்கிருந்து வருகிறது? என் ஹீட்டரிலிருந்து. நான் பாதி வெட்டி எறிந்த மெத்தை வழியாக. தொட்டியில் கொஞ்ச நேரமே ஓட்டியதால் அங்கே அடித்தளம் சூடேறவில்லை, எனக்குத் தெரியவும் இல்லை.

இந்தப் படகை வடிவமைத்தவர் ஒரு பனி தேசத்துக்காரர். அந்த மெத்தையை அவ்வளவு தடிமனாக வைத்ததற்குக் காரணம் இருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். நாங்கள் இரண்டு பேரும் வெயிலில் வளர்ந்தவர்கள். குளிர் என்றாலே அது விரட்ட வேண்டிய பிசாசு என்பதுதான் எங்கள் புத்தி. சக்கரத்துக்குச் சூடு, அறைக்குச் சூடு, மோட்டாருக்கு இன்னும் கொஞ்சம். சூடு காட்டியே எல்லாவற்றையும் கெடுத்தேன்.

கோபத்தில் மோட்டாரை முழுக்க முடுக்கினேன். இன்னும் நுரை. மூன்று தடவை நிறுத்தி, ஆறவிட்டு, ஓட்டினேன். பேட்டரிதான் கரைந்தது.

நாள் 144. காலை. கடலில்.

கணக்கு இதுதான். ஹீட்டரோடு விட்டு விட்டு ஓட்டினால் நூற்று நாற்பத்தேழாம் நாள் போய்ச் சேருவேன். அண்ணாச்சி நாற்பத்தைந்தோடு சரி. ஹீட்டரை அணைத்து, மோட்டார் வேகத்தைக் கூட்டும் நெம்பை அதன் இரண்டாம் பல்லுக்கு மேல் ஏற்றாமல் ஓட்டினால் பம்பு குளிர்ந்தே இருக்கும். மெதுவாக, ஆனால் நிற்காமல் போகும். நாளை மதியத்துக்குள் அக்கரை.

அணைத்துவிட்டேன்.

இன்னொன்று. நேற்று வீணாக்கிய பேட்டரியை ஈடுகட்ட, என் உடுப்புக்கு வைத்திருந்த உதிரி பேட்டரிகளை மோட்டாருக்கு மாட்டினேன். உடுப்பு இப்போது ஆகக் குறைந்த சூட்டில். அங்கே அண்ணாச்சியிடம் ஒன்று மிச்சமிருக்கும்.

அவர் கூப்பிட்டார்:

"எங்க வார பிள்ள?"

"பாதிக்கு மேல வந்தாச்சு அண்ணாச்சி."

"புது ஹீட்டர் எப்படி?"

"நல்லா இருக்கு. வேர்க்குது."

"அப்ப நான் வந்து ஏறுதேன், எனக்கும் கொஞ்சம் மிச்சம் வையி."

பாதி தூரம் வரவில்லை. வேர்க்கவும் இல்லை. பொய் சொன்னது அவருக்காக என்று எழுத நினைத்தேன். எனக்காகத்தான். யாராவது நம்பினால் கொஞ்சம் கதகதப்பாக இருக்கிறது.

நாள் 144. மாலை. கடலில்.

கால் விரல்கள் இருப்பதே தெரியவில்லை. படகின் முன்கண்ணாடியில் என் மூச்சு வெள்ளையாகப் படிகிறது. சுரண்டிச் சுரண்டிப் பார்க்கிறேன். மோட்டார் சத்தம் சீராக இருக்கிறது. அந்தச் சத்தம் மாறாதவரை நான் சரியாக இருக்கிறேன் என்று வைத்துக்கொண்டேன்.

பயமாக இருக்கிறது. எழுதிவிடுகிறேன், எழுதினால் குறையும் என்பார்கள். குறையவில்லை.

நாள் 145. காலை.

கை சொன்ன பேச்சு கேட்கவில்லை. பேசிப் பதிகிறேன், குறிப்புப் பெட்டி கேட்டு எழுதிக்கொள்ளும்.

அண்ணாச்சிக்கு. நான் பேசும் நிலையில் இல்லாவிட்டால். சுக்கான் வட்டு, இடம் வலம், கார் மாதிரிதான். நெம்பு இரண்டாம் பல். மேலே ஏற்றாதீங்க. ஹீட்டர் சிவப்புப் பொத்தான். தொடாதீங்க. தொட்டா படகு நின்னுரும். நிலையம் தெற்கே, திசைகாட்டி முள்ளை அங்கே வச்சிருக்கேன். கரையில வண்டி இல்ல. இறங்கி நடந்து போயிருங்க.

குளிர் இப்போ அவ்வளவு இல்ல. அது நல்ல அறிகுறி இல்லன்னு தெரியும்.

ஒரு விளக்கு. அண்ணாச்சி விளக்குதான். ரெண்டாம் பல். ரெண்டாம் பல்

நாள் 145. மாலை. கடலில்.

எழுதுவது இசக்கிமுத்து.

படகு மதியம் வந்தது. வேகம் குறையவே இல்லை. அப்படியே வந்து கரையில் முட்டி நின்ற பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. பிள்ளை வட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது, கூப்பிட்டால் பேச்சில்லை. உடுப்பின் திரையில் நாடித்துடிப்பு முப்பத்தொன்று. என்னிடம் மிச்சமிருந்த பேட்டரியை அவளுக்கு மாட்டினேன். இந்தக் குறிப்பை முழுக்கப் படித்தேன். வேர்க்கிறது என்று சொன்னாளே, அதையும் படித்தேன்.

சொன்னபடியே தெற்கே கிளம்பினேன். இரண்டாம் பல். சிவப்புப் பொத்தானைத் தொடவில்லை. நிலையத்தில் மருத்துவ அறை இருக்கிறது, அங்கே கொண்டு சேர்த்துவிட்டால் பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். ஒரு பேட்டரி போதவில்லை. துடிப்பு இருபத்தாறு. கொஞ்ச தூரம் போனதும் இருபத்திரண்டு. நிலையத்துக்கு இன்னும் ஒரு முழு நாள் இருக்கிறது.

ரெஹானா மேலிருந்து எங்கள் இருவர் துடிப்பையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் பேசினார்:

"இசக்கி சார், மோட்டார மட்டும் நிறுத்தாதீங்க. படகுல மிச்சமிருக்க பேட்டரி கரைக்கு வர உதவும், இல்லன்னா ஹீட்டருக்கு உதவும். ரெண்டுக்கும் வராது. ஒருத்தராவது திரும்பி வரணும். உங்கள கெஞ்சிக் கேக்குறேன்."

அவர் சொல்வது சரி. நான் ரேடியோவில் சரிங்கம்மா என்றேன்.

பத்தொன்பது.

எனக்கு ஹீட்டர் வேண்டும் என்று சிணுங்கியவன் நான்தான். அதற்காக எழுதவில்லை, பரிகாரம் எல்லாம் எனக்குத் தெரியாது. ஒரு மனுஷி பக்கத்தில் உட்கார்ந்து ஆறிக்கொண்டே போவதைப் பார்த்தபடி ஒரு நாள் முழுக்க வட்டைப் பிடித்திருக்க என்னால் முடியாது. அவ்வளவுதான்.

மோட்டாரை நிறுத்தினேன். சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். அவள் கையை எடுத்து என் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டேன்.

நாள் 145. கொஞ்ச நேரம் கழித்து.

அறை சூடாக இருக்கிறது. என் முகக் கண்ணாடியில் படிந்த வெள்ளை உருகி வழிகிறது. அடியில் கடல் கொதிக்கும் சத்தம் கேட்கிறது. காற்று எங்களைக் கரைக்கு எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. மேலிருந்து ரெஹானா கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். அந்த அலைவரிசையை மூடிவிட்டேன்.

துடிப்பு இருபத்தெட்டு. முப்பத்தைந்து.

உடுப்பு ரேடியோவில் குரல் வந்தது. பதிந்து வைக்கிறேன்.

"அண்ணாச்சி. மோட்டார் சத்தத்தக் காணுமே."

"கரைக்கு வந்துட்டோம் பிள்ள. அதான் நிறுத்திட்டேன்."

"வண்டியில ஏத்தியாச்சா?"

"ஏத்தியாச்சு. நீ கண்ண மூடு."

படகின் பேட்டரி முள் சிவப்புக்கு வந்துவிட்டது. அவள் தூங்குகிறாள். நல்ல தூக்கம்.